வீட்டில் காடை வளர்ப்பும் குஞ்சு பொரிப்பும்

(ஜூபிலி ஆண்டையொட்டி நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் பங்குச் சாமியார் காடையைப் பற்றிப் பேசப் போகிறார் என்று அறிவித்ததும், உங்களில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைக் கண்டேன். சிரியுங்கள், பாதகமில்லை. காடை நமக்குப் புதிதும் அன்று. வனாந்தரத்தில் இறைச்சி கேட்டு முறையிட்ட இஸ்ராயேல் மக்களுக்குக் காடைகள் வந்திறங்கிய வரலாற்றை யாத்திராகமத்திலும் எண்ணாகமத்திலும் வாசித்திருக்கிறீர்கள். அவை ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வரும் பறவைகள். நெடுந்தூரம் பறந்து களைத்து இறங்கும் வேளையில் கையாலேயே பிடித்துவிடலாம்.

நான் பேச வந்தது அந்தக் காடையைப் பற்றியன்று. நம் காட்டில் திரியும் காடையைப் பற்றியும் அன்று. அதைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டில் வளர்க்க உகந்தது ஜப்பானியக் காடை. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து வட இந்தியாவிலுள்ள இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியாரும் இதில் நல்ல இனம் உருவாக்கியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். முன்பு நான் பணிபுரிந்த பங்கில், கணவரை இழந்த ஒரு தாய் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். 500 குஞ்சுகளை ஒருவர் தருவாராம். ஐந்தாம் வாரம் அவரே எடைபோட்டு வாங்கிக்கொள்வாராம். "செய்யலாமா சாமி?" என்றார். எனக்குக் காடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும், "தைரியமாகச் செய்யம்மா" என்று சொல்லி அனுப்பினேன். தாலிச் சங்கிலியை அடகு வைத்தார். ஐந்தாம் வாரம் வந்தது. வாங்க வேண்டியவர் வரவில்லை. வளர்ந்த காடை ஒன்று நாளைக்கு 25 முதல் 30 கிராம் தீனி தின்னும். 500க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் பன்னிரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. அவர் என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இனிமேல் கையால் செய்து பாராத ஒன்றைப் பற்றி யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். ஆகையால் பங்குப் பங்களாவின் பின்கட்டில் நானே 30 முட்டைகளோடு தொடங்கினேன்.

முதலில் அறியவேண்டியது, ஜப்பானியக் காடை அடை உட்காராது. தலைமுறை தலைமுறையாய்க் கூண்டில் வளர்ந்து அந்தக் குணம் போய்விட்டது. சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி அடையில் இருந்தால் அதன்கீழ் வைக்கலாம். ஓடு மெல்லியதாகையால் சில நசுங்கும். கோழிமுட்டையோடு கலந்து வைக்காதீர்கள். கோழிக்கு 21 நாள், காடைக்கு 17 அல்லது 18 நாள்தான். முதல் குஞ்சைக் கண்டதும் தாய்க்கோழி மற்றவற்றை விட்டு எழுந்துவிடும்.

நான் செய்தது தெர்மாக்கோல் பெட்டி. உள்ளே பல்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, வெப்பமானி, ஒரு கிண்ணம் தண்ணீர். சூடு 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். முட்டையின் கூர்முனை கீழே இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையும், கழுவிய முட்டையும் வேண்டாம். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டவேண்டும். 15ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி ஈரத்தைக் கூட்டவேண்டும். கோழிமுட்டையைப்போல் வெளிச்சத்தில் பிடித்துக் கருவைப் பார்க்கலாமென்றால், ஓட்டிலுள்ள கறுப்புப் புள்ளிகள் எளிதில் விடா.

17ஆம் நாள் காலை பெட்டிக்குள் கீச்சொலி கேட்டது. பூசை முடிந்து ஓடிவந்தேன். பத்து நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். நான் செய்த பாவம் அதுதான். திறக்கும்போதெல்லாம் ஈரம் போய், முட்டையின் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொண்டது. உதவி செய்வதாக எண்ணி ஒன்றன் ஓட்டை நகத்தால் உரித்தேன்; இரத்தம் கசிந்து என் உள்ளங்கையிலேயே செத்தது. 30இல் பிழைத்தவை ஒன்பது. அடுத்த முறை மூடியைத் தொடவேயில்லை. சமையற்காரரைக் காவல் வைத்து, என்னையும் அண்டவிடாதீர் என்று சொல்லிவிட்டேன். 19 குஞ்சுகள் வந்தன.

குஞ்சு ஏழெட்டுக் கிராம்தான் இருக்கும். முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி குறைத்துவரலாம். குஞ்சுகள் பல்பின்கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர் என்று பொருள். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். வழுவழுப்பான செய்தித்தாள் விரித்தால் கால் அகன்று நொண்டியாகும், சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு அல்லது கூழாங்கல் நிரப்புங்கள், இல்லையேல் அரை அங்குல நீரிலும் மூழ்கிச் சாகும். எறும்பை மறவாதீர்கள். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எலிக்கும் கீரிக்கும் நெருக்கமான கம்பிவலை வேண்டும். காடை மிரண்டால் செங்குத்தாகத் துள்ளி மண்டையை மோதிக்கொள்ளும். ஆகவே கூண்டு தாழ்வாக இருப்பதே நல்லது.

மூன்று வாரத்தில் ஆண் பெண் தெரியும். ஆணின் மார்பு செம்பழுப்பு. பெண்ணின் மார்பில் கரும்புள்ளி. மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மிகுந்தால் தலையைக் கொத்திச் சண்டையிடும். நள்ளிரவில் கூவி அயலாரின் பகையையும் தேடித்தரும். (என் அயலார் கன்னியர் மடத்தார். பொறுமையானவர்கள்.) ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுந்தான் இடும். முட்டை ஒன்று 10 கிராம் இருக்கும். நல்ல தீனியும் நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சமும் இருந்தால் ஆண்டுக்கு 250க்கு மேலும் இடும்.

வரவு செலவைக் கேட்பீர்கள். ஐந்து வாரம் வளர்க்க ஒரு காடைக்கு அரைக் கிலோ தீனி ஆகும். தீனி விலையை உங்கள் ஊர்க் கடையில் கேளுங்கள். வாங்குபவரையும் உங்கள் ஊரிலேயே தேடுங்கள். நாமே வாங்கிக்கொள்வோம் என்று காகிதம் நீட்டுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். 2012இல் கொங்குப் பகுதியில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்து எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டன என்பதை மறந்துவிட்டீர்களா? இருபது காடையோடு தொடங்குங்கள். பிள்ளைகள் முட்டை தின்னட்டும். மிஞ்சியதை விற்றுப் பாருங்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள்.

அந்தத் தாயின் சங்கிலியை மீட்க என்னால் இயன்றதைச் செய்தேன், பாதிதான் முடிந்தது. அவர் இன்று ஆறு கோழிகளும் பன்னிரண்டு காடைகளும் வைத்திருக்கிறார். போன மாதம் பார்த்தபோது, "சாமி, தண்ணித் தட்டில் கல் போட்டீங்களா?" என்று என்னையே கேட்டார்.

பின்கட்டுப் பெட்டியில் இப்போது 24 முட்டைகள் இருக்கின்றன. இன்று 12ஆம் நாள். பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். மூடியை மட்டும் நான் திறக்கமாட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.