நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு



இந்திய ஆட்சிப் பணித் தேர்வின் 2,025 மதிப்பெண்களில் 275 நேர்முகத் தேர்வுக்கு உரியவை. எழுத்துத் தேர்வில் வென்றவர் அவ்வறையில் அச்சத்தால் தளரலாகாது.

விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் வினாவாகும். ஊரையும் படித்த பாடத்தையும் ஐயமற அறிந்து செல்லுங்கள். தந்தையாரின் தொழிலைக் கேட்டால் தலைகுனியாதீர்கள். அவர் தோல் பதனிடுபவராயின், அத்தொழிலின் முறைகளையும் கூலியையும் சுண்ணாம்புக் குழியில் நிற்போர் படும் இன்னலையும் எடுத்துரையுங்கள். உங்களைவிட அதை அறிந்தவர் அங்கே அரியர். அறியாத வினாவுக்குத் “தெரியாது” எனப் பணிவுடன் கூறுங்கள்.

இடஒதுக்கீடு பிச்சையன்று, அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு வகுத்த வழி. எவ்விதத் தளர்வுமின்றிப் பொதுத் தரத்திலேயே நீங்கள் வென்றால், ஒதுக்கிய இடம் நம் மற்றொரு பிள்ளைக்குக் கிட்டும். ஆகவே நிமிர்ந்து செல்லுங்கள்!