சிறுபான்மை இனமும் ஆட்சிப் பங்கும்: கேப்டன் வில்லியம்சன் சங்மாவின் பொதுவாழ்வு

மக்களாட்சியில் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. ஆனால், எத்தனை தேர்தல்கள் நடந்தாலும் எண்ணிக்கையில் குறைந்தே இருக்கப்போகும் ஓர் இனம் என்ன செய்வது? அவ்வினத்தைச் சேர்ந்த ஒருவரை அமைச்சராக்கிவிட்டால் அதன் குறை தீர்ந்துவிடுமா? இவ்வினாவைக் கோட்பாடாக மட்டும் ஆராய்வதைவிட, ஒரு மனிதரின் பொதுவாழ்வின் வழியே ஆராய்வது மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் கூடுதல் பயன் தரும். மேகாலயத்தின் முதல் முதலமைச்சரான கேப்டன் வில்லியம்சன் சங்மாவின் வாழ்வு அதற்கு ஏற்ற சான்றாகும்.

சங்மா 1919-ஆம் ஆண்டு காரோ மலைப் பகுதியின் தென்கோடியிலுள்ள பாக்மாராவில் பிறந்தார். காரோ மக்கள் தாய்வழி மரபினர். அவர்களது நிலம் பெரும்பாலும் தனிமனிதரின் உடைமையன்று, குலத்திற்கு உரியது. நோக்மா எனப்படும் தலைவர் அதன் பொறுப்பாளர். பட்டாவையும் வருவாய்ப் பதிவேட்டையும் மட்டுமே அறிந்த சமவெளி நிர்வாகத்திற்கு இம்முறை எளிதில் விளங்குவதில்லை. மலைமக்களின் அச்சத்திற்கு வேர் இங்கேதான் இருந்தது. தங்களை அறியாதவர்கள் தங்களை ஆளும்போது நிலமும் வழக்காறும் கைவிட்டுப் போய்விடும் என்று அவர்கள் எண்ணினர்.

அரசமைப்புச் சட்டத்தை வகுத்தோர் இவ்வச்சத்தை உணர்ந்திருந்தனர். கோபிநாத் பர்தலாய் தலைமையில் அமைந்த துணைக்குழுவில் காஸி இனத் தலைவர் நிக்கல்ஸ் ராயும் ஓர் உறுப்பினர். அக்குழுவின் பரிந்துரைகளிலிருந்து ஆறாவது அட்டவணை பிறந்தது. நிலம், காப்புக்காடுகள் அல்லாத வனம், இடம் மாற்றிச் செய்யும் சாகுபடி, சொத்துரிமை, கிராம நிர்வாகம் ஆகியவை குறித்துச் சட்டமியற்றும் உரிமை சுயாட்சி மாவட்ட மன்றங்களுக்குக் கிடைத்தது. 1952-இல் அமைந்த காரோ மலை மாவட்ட மன்றத்தின் முதல் தலைமை நிர்வாக உறுப்பினர் சங்மாவே. இராணுவத்தில் பணியாற்றிக் கேப்டன் ஆனவர், குடிமக்கள் ஆட்சியின் முதற்பாடத்தை அம்மன்றத்தில் கற்றார்.

அம்மன்றத்தின் வரம்பையும் அவர் அங்கேயே கண்டார். வழக்காற்றைக் காக்க மன்றத்தால் முடிந்தது; வளர்ச்சியைக் கொணர அதனால் இயலவில்லை. சாலை, மருத்துவமனை, உயர்கல்வி, அரசுப்பணி ஆகியவற்றிற்கான நிதியும் முடிவும் மாநில அரசிடமே இருந்தன. 1954-இல் துராவில் கூடிய மலைத் தலைவர்கள் தனி மலை மாநிலம் வேண்டுமென்றனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அதை ஏற்கவில்லை. பின்னர் பிமலா பிரசாத் சாலிஹாவின் அமைச்சரவையில் பழங்குடியினர் பகுதிகளுக்கான பொறுப்பு சங்மாவிடம் அளிக்கப்பட்டது. உள்ளிருந்தே மாற்றம் காணலாம் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது.

அந்நம்பிக்கைக்கு 1960-இல் சோதனை வந்தது. அஸ்ஸாமிய மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் முன்மொழியப்பட்டது. அஸ்ஸாமிய மக்களின் உணர்வையும் இங்கு நடுநிலையோடு காணவேண்டும். 1836 முதல் 1873 வரை அவர்கள் மண்ணிலேயே நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்கமொழி திணிக்கப்பட்டிருந்தது. தம் மொழிக்கு உரிய இடத்தை அவர்கள் விழைந்தது இயல்பே. மலை மாவட்டங்களில் அதுவரை வழங்கிய மொழிகள் தொடரலாம் என்ற பாதுகாப்பும் சட்டத்தில் இருந்தது. ஆயினும் தலைமைச் செயலகமும் மாநிலப் பணிகளும் ஒரு மொழியைச் சார்ந்துவிட்டால், மலை இளைஞர் ஒருவர் தம் மாநிலத்திலேயே பின்தங்கி நிற்பார் என்று மலைத் தலைவர்கள் அஞ்சினர். பழங்குடியினரின் சார்பில் அமைச்சரவையில் அமர்ந்திருந்த சங்மாவால் அச்சட்டத்தைத் தடுக்க முடியவில்லை. அவர் பதவி விலகினார்.

அவரது பொதுவாழ்வின் திருப்புமுனை இதுவே. அமைச்சர் பதவி வேறு, ஆட்சி அதிகாரம் வேறு என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தார். அதே 1960-இல் ஷில்லாங்கில் காஸி, ஜெயந்தியா, காரோ முதலிய இனங்களின் தலைவர்கள் ஒன்றுகூடி அனைத்துக்கட்சி மலைத் தலைவர்கள் மாநாடு என்னும் அமைப்பை உருவாக்கினர். அதன் தலைமை சங்மாவிடம் வந்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தையின் ஆண்டுகள். ஸ்காட்லாந்தை ஒட்டிய ஏற்பாடு ஒன்றைப் பிரதமர் நேரு முன்வைத்தார். பின்னர் படாஸ்கர் ஆணையம் 1966-இல் அறிக்கை அளித்தது. 1967-இல் கூட்டாட்சித் திட்டமும், அதன்பின் அசோக் மேத்தா குழுவும் வந்தன. மலைத் தலைவர்கள் சிலவற்றை மறுத்தனர். சிலவற்றைத் திருத்தக் கோரினர். தேர்தலில் நின்றனர், 1968 செப்டம்பரில் அகிம்சை முறையில் நேரடிப் போராட்டத்தையும் தொடங்கினர். இதே காலத்தில், 1966-இல், அண்டையிலிருந்த மிசோ மலையில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அங்கு அமைதி உடன்பாடு காண 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. காரோ, காஸி மலைகள் அத்தகைய விலை கொடுக்காமலேயே தம் குறிக்கோளை எய்தின.

1970 ஏப்ரல் 2-ஆம் நாள் அஸ்ஸாமிற்குள்ளேயே ஒரு சுயாட்சி மாநிலமாக மேகாலயம் தோன்றியது. ஆளுநரும் உயர்நீதிமன்றமும் பொதுவாக இருந்தனர். சட்டம் ஒழுங்கு அஸ்ஸாமிடமே இருந்தது. முழு மாநிலம் அன்றி வேறெதையும் ஏற்கலாகாது என்றோர் பிரிந்து சென்று தனிக்கட்சி கண்டனர். சங்மா கிடைத்ததைப் பெற்று, அதைத் திறம்பட நடத்திக் காட்டி, மேலும் கேட்கலாம் என்னும் வழியைத் தேர்ந்தார். அவ்வழி வீண்போகவில்லை. 1972 ஜனவரி 21-ஆம் நாள் மேகாலயம் முழு மாநிலமாயிற்று. சங்மா அதன் முதலமைச்சராகத் தொடர்ந்தார்.

இங்கு மற்றொரு வினா எழுந்தது. அஸ்ஸாமில் சிறுபான்மையினராக இருந்த காரோ மக்கள், காஸி, ஜெயந்தியா மக்கள் பெரும்பான்மையினராக உள்ள புதிய மாநிலத்திலும் சிறுபான்மையினரே. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். தலைநகரான ஷில்லாங் காஸி மலையில் உள்ளது. முழு மாநிலம் உதயமாவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், 1972 ஜனவரி 12-ஆம் நாள், மாநில அரசுப்பணிகளுக்கான ஒதுக்கீட்டுத் தீர்மானம் வெளியாயிற்று. காஸி, ஜெயந்தியா மக்களுக்கு 40 விழுக்காடு. காரோ மக்களுக்கு 40 விழுக்காடு. பிற பழங்குடியினருக்கும் அட்டவணைச் சாதியினருக்கும் 5 விழுக்காடு. கல்வியில் பின்தங்கிய காரோ மலை, புதிய மாநிலத்தில் மீண்டும் கடைசி வரிசையில் நின்றுவிடக்கூடாது என்பது இதன் உட்கருத்து. இப்பங்கீடு நியாயமானதா என்ற விவாதம் 2023-இலும் மாநிலத்தில் வலுவாக எழுந்தது. பங்கிட்டுக்கொள்ளும் பணி ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடியதன்று என்பதையே இது காட்டுகிறது.

சங்மாவின் முடிவுகள் அனைத்தும் ஒருமனதாக வரவேற்கப்பட்டவையல்ல. 1976-இல் தம் கட்சியின் பெரும்பகுதியினரோடு அவர் காங்கிரசில் இணைந்தார். மத்திய அரசின் நிதியையே பெரிதும் நம்பியிருந்த சிறிய மாநிலத்திற்கு இது நலம் பயக்கும் என்றனர் ஒருசாரார். மலைமக்களின் தனிக்குரல் தேய்ந்துவிடும் என்றனர் மறுசாரார். இணைய மறுத்தவர்கள் பழைய கட்சியை விடாது நடத்தி, 1978-இல் ஆட்சியையும் அமைத்தனர். சங்மா 1981-இல் மீண்டும் முதலமைச்சரானார். 1983 முதல் 1988 வரையிலும் அப்பதவியில் இருந்தார். பின்னர் மிசோராம் ஆளுநராகச் சிறிது காலம் பணியாற்றி, 1990-இல் மறைந்தார்.

தனி மாநிலம் எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடவில்லை. காரோ மலையில் 1995-இல் ஆயுதக்குழு ஒன்று தோன்றி, தனிக் காரோ நிலம் கேட்டது. அதனோடு 2004-இல் போர்நிறுத்தம் செய்துகொள்ளப்பட்டது. துராவிலிருந்து பார்த்தால் ஷில்லாங்கும் தொலைவாகவே தோன்றியது என்பதே இதன் பொருள். மறுபுறம், ஆக்கமும் உண்டு. 1976-இல் காரோ மலை இரு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சங்மா பிறந்த பாக்மாரா 1992-இல் ஒரு மாவட்டத் தலைநகராயிற்று. 2005-இல் காஸி, காரோ மொழிகள் துணை ஆட்சிமொழிகளாயின. நிர்வாகம் மக்களை நோக்கி ஒவ்வொரு படியாக நெருங்கி வந்திருக்கிறது.

இவ்வாழ்விலிருந்து அறிய வேண்டுவன இரண்டு. சிறுபான்மையினருக்கு அவையில் ஓர் இருக்கை தருவது தொடக்கமே. நிலம், மொழி, பணி, நிதி ஆகியவற்றில் சட்டப்படியான பங்கு கிடைக்கும்போதுதான் அந்த இருக்கைக்குப் பொருள் உண்டாகிறது. அடுத்து, தாம் கேட்டுப் பெற்ற நியாயத்தைத் தம்மைவிடச் சிறிய இனத்திற்கும் வழங்கும் கடமை ஒவ்வோர் இனத்திற்கும் உண்டு. வங்கமொழியின் ஆதிக்கத்தால் துன்புற்ற அஸ்ஸாமும், அஸ்ஸாமை விட்டுப் பிரிந்த மேகாலயமும் இப்பாடத்தைத் தத்தம் காலத்தில் கற்க வேண்டியிருந்தது. மாவட்ட அலுவலகத்தில் மனு ஏந்தி நிற்கும் மிகச் சிறிய இனத்தவரின் மொழியையும் வழக்காற்றையும் அறிந்துகொள்ள முயலும் ஒவ்வோர் அலுவலரும் அப்பாடத்தைச் செயலாக்குகிறார்.