கூலி யார்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



"கூலி" என்னும் இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி இன்று சிறிது பேச ஆசைப்படுகிறேன். இங்கிலீஷ் வார்த்தையா, அது நம்முடையதல்லவா என்று கேட்பீர்கள். அதுதான் சங்கதி. கப்பலேறிப் போன வார்த்தை வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

தமிழில் கூலி என்றால் ஆளல்ல; உழைத்ததற்குப் பெறுகிற பொருள். ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலிக்காரன், கூலியாள் என்போம். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது. கடவுள் கைவிட்டாலும் உடம்பை வருத்தினவனுக்குப் பலன் உண்டு என்று சொல்லுகிற இடம் அது. இங்கிலீஷிலோ கூலி என்றால் மனிதன். அதாவது, வாங்கின காசின் பெயரையே வாங்கினவன் தலையில் கட்டிவிட்டார்கள்!

இதன் பிறப்பைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் வழக்கு உண்டு. குஜராத்திலுள்ள கோலி என்னும் வகுப்பாரின் பெயரே இது என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலியே என்பது மற்றொரு கட்சி. 1886-ல் யூல், பர்னெல் என்ற இருவர் வெளியிட்ட "ஹாப்ஸன்-ஜாப்ஸன்" அகராதியிலேயே இந்தத் தகராறைக் காணலாம். துருக்கியில் அடிமைக்குக் "குல்" என்று பெயர், அதையும் பார்க்கவேண்டும் என்பாரும் உண்டு. சீனர்களோ தங்கள் எழுத்தில் இதை எழுதும்போது கஷ்டம், பலம் என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து எழுதினார்கள். அகராதிக்காரர்கள் அத்தனைபேரையும்விட அவர்களே விஷயத்தை அறிந்தவர்கள் என்பேன். எந்தக் கட்சி ஜெயித்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. தமிழ்ச்சொல் உலகமெல்லாம் பரவிற்று என்று மார்தட்ட இதில் என்ன இருக்கிறது?

அது பரவின விதத்தைக் கேளுங்கள். 1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டாமா? ஒப்பந்தம் என்று பெயர் வைத்து நம் ஜனங்களை ஏற்றினார்கள். அந்த வருஷமே மொரீஷியசுக்கு. 1838-ல் பிரிட்டிஷ் கயானாவுக்கு. 1860-ல் சென்னையிலிருந்து "டுரூரோ" என்ற கப்பலில் நேட்டாலுக்கு. அங்கே ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து கடை வைத்தாலும் அவன் கூலிதான். கூலியே வாங்காமல் தன் பணத்தில் வந்த வியாபாரியும் கூலி. 1893-ல் அங்கே போன காந்தியார் "கூலி பாரிஸ்டர்" ஆனார்! நம்மவர் பெயர்களின் கடைசியில் "சாமி" வருவதைக் கண்டு, வெள்ளைக்காரர் எல்லோரையும் "சாமி" என்றும் அழைத்தார்களாம். இங்கே சாமிக்குத் தேர், அங்கே சாமிக்குக் கரும்பு வெட்டு. (சிரிப்பு)

அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர்கள் 1862-ல் சீனக் "கூலி"களுக்கு எதிராக ஒரு சட்டமே செய்து, சீனர்களிடம் மாதம் இரண்டரை டாலர் வரி விதித்தார்கள். இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் இந்த வார்த்தை, ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வசை.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். திதிக்கு வந்த புரோகிதர் வாங்குவது தட்சணை. வக்கீல் வாங்குவது பீசு. கலெக்டர் வாங்குவது சம்பளம். வெயிலில் நாற்று நட்டவள் வாங்குவது மட்டும் கூலி. காசு ஒரே சர்க்கார் அச்சடித்த காசுதானே? புரோகிதரைப் பார்த்து, "ஏ தட்சணை, இங்கே வா" என்று எவனாவது கூப்பிட்டதுண்டா? வக்கீலை "அடே பீசு" என்றதுண்டா? ரயிலடியில் இறங்கினதும் "ஏ கூலி" என்று கூப்பிடுகிறவர்கள் யார்? வெள்ளைக்காரன் போனபிறகும் நாம்தான்.

2016-ஆம் வருஷ ரயில்வே பட்ஜெட்டில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். கூலி என்ற பெயர் இழிவாம். இனி "சகாயக்" என்று அழைக்கவேண்டுமாம். நல்ல சமஸ்கிருதப் பெயர்! சம்பளம்? அது மட்டும் ரயில்வே கொடுக்கவில்லை. கையில் வில்லை கட்டிய சகாயக், பிரயாணியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று பேரம் பேசியே தன் கூலியை வாங்கவேண்டியிருந்தது.