வீடிலி யார்?



மொழியாசிரியன் எதைப் பேசினும் சொல்லிலேயே தொடங்குவான், பொறுத்தருள்க. 'வீடிலி' என்று யாரைச் சொல்கிறோம்? சப்பான் நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், பூங்கா, ஆற்றங்கரை, தெரு, தொடர்வண்டி நிலையம் முதலிய இடங்களில் வாழ்வோரையே அவ்வாறு குறிக்கின்றது. 2003இல் 25,296 பேரை எண்ணிய அந்நாடு, 2024இல் 2,820 பேர் என்றது. இணையக் கடை நாற்காலியிற் சாய்ந்து இரவைக் கழிப்பவன் அவ்வெண்ணிக்கையுள் வாரான். பின்லாந்தோ, வேறிடமின்றி நண்பர் வீட்டில் ஒண்டியிருப்பவனையும் வீடிலி என்றே எழுதுகின்றது. அங்குக் கணக்கில் வருவோருட் பெரும்பாலோர் அத்தகையரே. எண்களை மட்டும் அருகருகே வைத்து ஒரு நாட்டைப் புகழ்தல் பிழை.

எண்ணினும் பெரிது, சொல்லின் பின் நிற்கும் நோக்கு. நெப்போலியனொடு பொருது மீண்ட படைமறவர் பலர் தங்க இடமின்றித் தெருவில் கிடந்த காலத்தையடுத்து, 1824இல், இங்கிலாந்து ஒரு சட்டம் செய்தது. திறந்தவெளியில் உறங்குவானைக் 'கயவன், ஊர்சுற்றி' எனப் பெயரிட்டு அது சிறைக்கு அனுப்பிற்று. நாட்டுக்குக் குருதி சிந்தியவனுக்கு நாடு சூட்டிய பட்டம் அது!

அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துக் கிராண்ட்சு பாசு நகரம், பொதுவிடத்தில் போர்வை விரித்துத் தங்குவோர்க்குத் தண்டம் விதித்தது. 2024 சூனில் உச்ச முறைமன்றம், அது அரசியற்சட்டம் தடுக்கும் கொடுந்தண்டம் ஆகாதென்றது. அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஓரிரவுக் கணக்கில் அந்நாட்டு வீடிலிகள் 7,71,480 பேர். உறக்கத்திற்குத் தண்டம் கட்டி எவன் விழித்திருப்பான்?

'குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு' என்பதே பல நாட்டு வழக்கம். பின்லாந்து 2008 முதல் அதைத் தலைகீழாக்கியது. முதலில் திறவுகோலைக் கையில் தந்தனர். இரவலாகவன்று, அவன் பெயரிலேயே குடிக்கூலி ஒப்பந்தத்தோடு. எல்சிங்கியில் ஏறத்தாழ 250 படுக்கைகள் கொண்டிருந்த தங்கல்மனை ஒன்று 2012இல் 81 தனி வீடுகளாயிற்று. 1987இல் 18,000க்கு மேற்பட்டிருந்த வீடிலிகள் 2023 இறுதியில் 3,429 ஆயினர். 2024இல் 3,806 என ஏறிற்று; அதையும் மறைத்தல் தகாது.

இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 17.7 இலக்கம் பேர் வீடற்றோர். உறவினர் வீட்டுக் கூரையடியில் ஒண்டிக் கிடப்பவன் பின்லாந்தில் வீடிலி, இங்கே குடியிருப்போன்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'உறைவிடம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவதென்று ஒரு மாணவனைக் கேட்டேன். "பாலத்துக்குக் கீழே, மூன்றாவது தூண், ஐயா" என்றான். அப்படியே எழுதினேன்.