வாக்குக் கேட்டவர் வாக்களித்த கணக்கு

(திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1999-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள் தில்லி மக்களவையில் வாச்பாயி அரசின்மேல் நம்பிக்கை வாக்கெடுப்பு நிகழ்ந்தது. சார்பாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கில் ஓர் அரசு சாய்ந்தது. அவ்வாக்கெடுப்பு வருவதற்கே கரணியம், தமிழ்நாட்டுக் கட்சியாகிய அ.தி.மு.க. தன் துணையை விலக்கிக்கொண்டமை. ஒற்றை வாக்குக்கே இத்துணை வலிமை உண்டெனில், தமிழ்நாடு மக்களவைக்கு அனுப்பும் 39 பேரும் மாநிலங்களவைக்கு அனுப்பும் 18 பேரும் ஆக 57 பேரின் வாக்குக்கு எத்துணை வலிமை இருத்தல் வேண்டும்! அவ்வலிமை எந்நாளில் எதற்காகச் செலவிடப்பெற்றது என்னும் கணக்கு எத்தனைத் தமிழர் வீட்டில் இருக்கிறது?

பால் கணக்கு எழுதாத வீடில்லை. மளிகைக் கணக்குப் பார்க்காத தாயில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டையே ஒப்படைக்கும் கணக்கை மட்டும் நம்மவர் எழுதுவதில்லை. தேர்தலின்போது ஒருவர் வாக்குக் கேட்கிறார், மேடையில் வாக்குக் கொடுக்கிறார், மன்றத்தில் வாக்களிக்கிறார். இம்மூன்று வாக்கும் ஒன்றாக இருந்தால் அவர் நம் பேராளர். மூன்றும் மூன்றாக இருந்தால் அவர் யாருடைய பேராளர் என்று கேட்க வேண்டுவது மக்கள் கடமை.

மன்றத்தில் சொல்லும் சொல்லுக்கும் சட்டத்தில் எழுதும் சொல்லுக்கும் உள்ள இடைவெளியைத் தமிழர்க்குக் கற்பித்தது மொழிப்போர். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று தலைமை அமைச்சர் நேரு 1959-இல் மக்களவையில் உறுதி கூறினார். 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்று எழுதப்பெற்றதே அன்றித் 'தொடர்தல் வேண்டும்' என்று எழுதப்பெறவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாநிலங்களவையில் வழக்காடினார் அண்ணா. உறுதி சொன்ன நேரு 1964-இல் மறைந்தார். எழுதிய சட்டம் நின்றது. 1965-இல் தமிழ்நாடு தீப்பற்றி எரிந்தது. அதன் பிறகே, 1967-இல், இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் இசைந்தாலன்றி ஆங்கிலத்தை நீக்கவியலாது என்னும் காப்புச் சட்டத்தில் ஏறியது. ஆதலின் உறுப்பினரின் பேச்சை மட்டும் பார்த்தல் போதாது. அவர் கைதூக்கிய சட்டத்தின் எழுத்தையும் பார்த்தல் வேண்டும்.

அண்மைக் கணக்குக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு திசம்பர் 5-ஆம் நாள், சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலீட்டை எதிர்க்கும் முன்மொழிவு மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அம்முதலீட்டை எதிர்ப்பதாகச் சொன்ன தி.மு.க., வாக்கெடுப்பில் அரசின் பக்கமே நின்றது, பா.ச.க.வுக்கு இடங்கொடாமை கருதியே என்று கரணியமும் சொல்லப்பெற்றது. முன்மொழிவுக்குச் சார்பு 218, எதிர்ப்பு 253. இடைவெளி 35. தி.மு.க.வுக்கு அன்றிருந்த இடங்கள் 18. ஒருவர் பக்கம் மாறினால் இடைவெளியில் இரண்டு குறையும் என்பது கணக்கறிந்தார்க்குத் தெரியும்.

2019-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள், பொதுப்பிரிவினருள் நலிந்தோர்க்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2014-இல் 37 இடங்களை வென்ற அ.தி.மு.க.வின் சார்பில் தம்பிதுரை அதை எதிர்த்துப் பேசினார். பேசி முடித்து, அக்கட்சியினர் வெளிநடப்புச் செய்தனர். முடிவு: சார்பு 323, எதிர்ப்பு 3. அந்த மூவருள் தமிழ்நாட்டார் ஒருவரும் இலர். சமூகநயன் பிறந்த மண் என்று பெருமை பேசும் நாட்டின் எதிர்ப்பு, வாக்குப் பதிவேட்டில் சுழி! வெளிநடப்பு, இதழில் செய்தியாகும். எண்ணிக்கையில் ஒன்றும் ஆகாது.

அதே ஆண்டு திசம்பர் 11-ஆம் நாள் மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தச் சட்டவரைவு 125 வாக்குகள் பெற்று நிறைவேறியது. பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஏதிலியர்க்கு, முசுலீம்களை நீக்கி, வழிவகுத்த சட்டம் அது. 1983 முதல் கடல் கடந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்க்கு அதில் இடமில்லை. அச்சட்டத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினர் சார்பாக வாக்களித்தனர். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அச்சட்டத்தைக் கைவிட நடுவணரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. வாக்களித்த நாளையும் வாக்குறுதியளித்த நாளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேறு உரை வேண்டுவதில்லை.

இக்கணக்கை எழுதப் புகுவோர்க்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று குரல் வாக்கு. பெரும்பாலான சட்டங்கள் ஆம், இல்லை என்னும் ஓசையாலேயே நிறைவேறுகின்றன. வாக்குப்பிரிவு நிகழ்ந்தாலன்றி யார் எப்பக்கம் என்பது பெயரளவில் பதிவாவதில்லை. 2020-ஆம் ஆண்டு செப்தம்பர் 20-ஆம் நாள் மாநிலங்களவையில் உழவர்களைப் பற்றிய சட்டவரைவுகளுக்கு வாக்குப்பிரிவு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டும், குரல் வாக்கால் நிறைவேறியதாகவே அறிவிக்கப்பெற்றது. உழவர் ஓராண்டு தெருவில் கிடந்து போராடி, 2021-இல் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆயினும் அன்று மாநிலங்களவையில் யார் எப்பக்கம் நின்றார் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் இல்லை.

மற்றொன்று கொறடா ஆணை. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் ஆணையை மீறி வாக்களிப்பவர் இடத்தையே இழக்க நேரும். ஆகவே உறுப்பினரின் வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கே. அரசின் நிலைப்பைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு இத்தடையை நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990-இலேயே தினேசு கோசுவாமி குழு பரிந்துரைத்தது. அஃது ஏட்டோடு நின்றது. எனவே வாக்கைக் கொண்டு கட்சியை அளக்க வேண்டும். வினாவையும் பேச்சையும் கொண்டு ஆளை அளக்க வேண்டும். அவ்வாறு அளக்கும்போதும் எண்ணிக்கையில் மயங்கலாகாது. நூறு வினாக் கேட்டவர் என்பது பெருமையன்று. தொகுதியின் உயிர்ச்சிக்கலைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டாரா என்பதே உரைகல்.

அடுத்தது, உறுப்பினரின் வருவாயும் சொத்தும். காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைப் பேசுகின்றன. அது பிரமதேய ஊர். மறை கற்றோர்க்கும் நிலமுடையார்க்குமே அங்கு இடம். எளிய உழைப்பாளிக்கு இல்லை. அதை மறைத்துக் குடியாட்சி என்று கூத்தாட வேண்டுவதில்லை. ஆயினும் அதிலுள்ள ஒரு விதி கருதத்தக்கது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய கட்டளை அது.

இன்றைய நிலையோ வேறு. 1993-இல் நரசிம்மராவ் அரசின்மேல் வந்த நம்பிக்கையில்லா முன்மொழிவு 251-க்கு 265 என்று தோற்றது. சார்க்கண்டு முக்தி மோர்ச்சா உறுப்பினர் கையூட்டுப் பெற்று வாக்களித்தனர் என்னும் வழக்கு உச்ச நயன்மன்றம் சென்றது. 1998-இல் தீர்ப்பு வந்தது. பணம் பெற்று வாக்களித்தவர்க்கு அரசியலமைப்பின் காப்பு உண்டு. பெற்றும் வாக்களிக்காதவர்க்கு இல்லை! இவ்விந்தைத் தீர்ப்பு மாற 26 ஆண்டுகள் ஆயின. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் சீதா சோரன் வழக்கில் எழுவர் ஆயம், கையூட்டுக்கு எக்காப்பும் இல்லை என்று அறுதியிட்டது.

சொத்து, கடன், குற்றவழக்கு ஆகியவற்றை வேட்பாளர் உறுதிச்சான்றில் வெளியிட வேண்டும் என்பதும் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் நயன்மன்றம் வாங்கித் தந்த உரிமையே; கட்சிகள் மனமுவந்து தந்ததன்று. மாநிலங்களவை உறுப்பினர், ஊதியம் பெறும் இயக்குநர் பொறுப்பு, ஊதியம் பெறும் பணி, நிறுவனத்தை ஆளத்தக்க பங்கு, கட்டணம் பெறும் அறிவுரைப்பணி, தொழில் ஈடுபாடு என்னும் ஐந்து தலைப்பில் தம் நலன்களைப் பதிய வேண்டும். சொத்துப் பட்டியல் ஒருவர் எவ்வளவு உடையவர் என்று காட்டும். நலன் பதிவேடோ, அவர் எவர்க்குக் கட்டுப்பட்டவர் என்று காட்டும். பின்னதே தலையாயது. சுரங்கத்தில் பங்குள்ளவர் சுரங்கச் சட்டத்துக்கு வாக்களிக்கும்போது, அப்பங்கைத் தொகுதி மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு குறை உண்டு. மக்களவையில் உறுப்பினர் தமிழில் முழங்கினாலும், அவை நடவடிக்கைப் பதிவில் நிற்பது ஆங்கில மொழிபெயர்ப்பே. தமிழில் பேசினார் என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் எஞ்சும். தமிழன் தன் பேராளர் பேசியதைத் தன் மொழியில் படிக்க வழியில்லை. படிக்க இயலாதவன் எங்ஙனம் கணக்குக் கேட்பான்? மொழியுரிமை வேறு, ஆட்சியுரிமை வேறு என்போர் இதற்கு விடை கூறட்டும்.

ஆதலின் வேண்டுவன நான்கு. சட்டமாகும் ஒவ்வொரு வரைவுக்கும் பெயர் குறித்த வாக்குப்பதிவு வேண்டும். தமிழ்ப் பேச்சு தமிழிலேயே அவைப்பதிவில் அச்சாதல் வேண்டும். நலன் பதிவேடு ஈரவைக்கும் பொதுவாய், மக்கள் பார்வைக்குத் தமிழில் கிடைத்தல் வேண்டும். கொறடா ஆணை அரசின் நிலைப்பைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்போடு நிற்றல் வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஊர்தோறும் இளைஞர் நால்வர் கூடி ஓர் ஏடு போடுக. பேசியது, கேட்டது, வாக்களித்தது, சேர்த்தது என நான்கு பத்தி வகுக்க. ஐயமுள்ளதை எழுதற்க, பதிவில் உள்ளதை மட்டும் எழுதுக. நம் கட்சி, பிற கட்சி என்று பாராது எழுதுக. படிப்பகச் சுவரில் திங்கள்தோறும் ஒட்டுக. அடுத்த முறை கைகூப்பி வருபவரை அந்த ஏட்டின் முன் நிறுத்துக. வசை வேண்டா, கல் வேண்டா, கணக்குப் போதும்.

கணக்குக் கேட்கும் குடியே ஆளும் குடி. கேளாத குடி, வாக்களித்தும் அடிமையே.

தமிழ் வெல்க! தமிழர் உரிமை வெல்க!