யானைக்கு ஊட்டும் கவளம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய மேடையில் வரியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். எனக்கு முன்னோடி பிசிராந்தையார். புறநானூற்றின் 184ஆம் பாடலில் அவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுரை கூறுகிறார். நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறுநிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதி. அரசன் வரி தண்டுவதும் அத்தகையதே என்கிறார். வரியைக் குறைக்கச் சொல்லும் பாடலாகவே இதனை நாம் எடுத்தாளுகிறோம். யானையைப் பட்டினி போடுமாறு புலவர் கூறவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

வரியின்றிப் பொதுப்பணி நடவாதா? நடக்கும். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலமே அதற்குச் சான்று. மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டவே முதலில் எண்ணினர் என்பர். ஆட்சியர் கச்சேரியில் பணியாற்றிய முதலியாரோ முழுச்செலவையும் தாமே ஏற்றார். அவர்தம் மனைவியார் நகைகளைக் கழற்றித் தந்தார் என்பது ஊர் வழக்கு. 1843இல் பதினொரு வளைவுகளோடு பாலம் எழுந்தது. அந்தக் கொடையை வணங்குகிறேன். ஆயினும், பின்னாளில் அதனை அகலப்படுத்தியது அரசுப் பணமே. இன்னொரு முதலியார் வருவார் என்று ஓர் ஊர் காத்திருக்க இயலாது. பாலமாவது ஒருமுறை கட்டினால் நிற்கும். நோயோ நாள்தோறும் வரும்.

இதனை உலக நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன? செருமனி 1883இல் தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பிரித்தானியா 1948 சூலை 5 அன்று, பெரிதும் வரிப்பணத்தால் நடக்கும் தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1951இல் மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்க முனைந்தபோது, அதனை நிறுவிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். அமெரிக்கா தன் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை மருத்துவத்துக்குச் செலவிட்டும், அங்கே காப்பீடற்றோர் இரண்டு கோடிக்கு மேல்.

நமக்கு நெருங்கிய பாடம் இலங்கை. கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. செல்வ நாடன்று, எனினும் 1951இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கியது. தாயையும் சேயையும் காப்பதில் இந்தியாவை நெடுந்தொலைவு முந்தியது. 2019 இறுதியில் அங்கே மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022இல் கருவூலம் வறண்டு, மருந்தின்றி அறுவை சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடனும் பெருந்தொற்றும் சேர்ந்தே அந்நிலை வந்தது. ஆயினும் பட்டினி கிடந்த யானையால் சுமை தூக்க இயலவில்லை.

நம் மாநிலம் 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகிறது. வரி தண்டுவதில் புலவர் வேண்டிய முறைமையைச் செலவிடுவதில் காட்டிய செயல் இது. ஆனால் அது போதுமா?

என் மாணவி ஒருத்தி முதுகலை இறுதித் தேர்வுக்கு வரவில்லை. தந்தையின் இதய நோய்க்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணம் கட்ட வீட்டை ஈடு வைத்தனர். வட்டி கட்ட அவள் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். அரசு மருத்துவமனைக்கு ஏன் செல்லவில்லை என்று கேட்டேன். “அங்க ஒரே கூட்டம் மேடம். அப்பாவ வச்சுக்கிட்டுக் காத்திருக்கப் பயமா இருந்துச்சு” என்றாள். அந்த அச்சத்தைப் போக்க மருத்துவரும் செவிலியரும் கட்டிலும் இன்னும் வேண்டும்; அவற்றுக்கு வரி வேண்டும்.

ஆகவே, அரசு மருத்துவத்தை ‘இலவசம்’ என்று அழைப்பதை விடுவோம். சலவைத்தூள் வாங்கும் பீடித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். ஐகிரவுண்டு மருத்துவமனையில் அவர் பெறும் மாத்திரை, தாம் முன்னரே கொடுத்ததன் ஒரு பகுதி. வரி எதற்கு என்று முணுமுணுப்பதோடு நில்லாமல், கொடுத்த கவளம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கவும் பழகுவோம். அரசனிடம் நேர்நின்று பேசிய புலவரின் வழியில் வந்தவர்களுக்கு அது இயலாத செயலன்று.