தண்ணீர் ஊற்றும் முன் ஒரு பார்வை



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போயிருப்பீர்கள். "தொலைக்காட்சியில் மலத்தின் நிறத்தைப் பற்றியா பேசப் போகிறாய்?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஆமாம், அதைப் பற்றித்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் படித்தது வெகுசனத் தொடர்பு, மருத்துவம் அல்ல. ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. எதைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

குடல் அழற்சி நோய்கள் முக்கியமாக இரண்டு. பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒன்று. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தாக்கக்கூடிய குரோன்ஸ் மற்றொன்று. இவற்றுள் முதலாவது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வுகளில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டும். தேசிய சேவையில் இருக்கும் பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அந்த வயதில் யார் இதை வாய்விட்டுச் சொல்வார்கள்?

சொன்னாலும் வீட்டில் கிடைக்கும் பதில் என்ன? "உடம்பு சூடு, பார்லித் தண்ணி குடி." அல்லது, "மூலமாக இருக்கும்." மூலத்திலும் சிவப்பு இரத்தம் வரும், உண்மைதான். அது பொதுவாக மலத்தின் மேலே படிந்தோ, பிறகு சொட்டாகவோ தெரியும். பெருங்குடல் அழற்சியிலோ இரத்தமும் சளியும் கலந்து வயிற்றுப்போக்காக வரும். அடக்க முடியாத அவசரம், நடுஇரவில் எழுப்பிவிடும். ஆனாலும் கண்ணால் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. வாரக்கணக்கில் இரத்தம் கண்டும் மூலம் என்று நாமே முடிவுகட்டி, களிம்பு வாங்கித் தடவுவது இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

சிவப்பெல்லாம் இரத்தமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீட்ரூட், சிவப்பு டிராகன் பழம் இரண்டுமே ஆளை மிரட்டும். ஓரிரு நாளில் போய்விடும்.

கறுப்புக்கு வருவோம். தார் போல ஒட்டும், கடும் நாற்றமுள்ள கறுப்பு, இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த இரத்தமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். குடல் அழற்சி உள்ள பலர் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள்தான்! குழப்பம் இங்கேதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; மருத்துவரைக் கேளுங்கள். மூட்டுவலிக்கு இபுபுரொஃபன் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கும், குடல் அழற்சியையும் கிளறிவிடலாம்.

பச்சை நிறத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். கங்கோங் கீரையோ பண்டான் கேக்கோ காரணமாகலாம். வயிற்றுப்போக்கில் பித்தநீர் நிறம் மாற நேரமில்லாமல் வெளியேறினாலும் பச்சையாகும். மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், கொழுப்பு சரியாக உறிஞ்சப்படவில்லை என்று பொருள். குரோன்ஸ் நோய் சிறுகுடலைத் தாக்கியவர்களுக்கு இப்படி ஆகலாம்.

பலர் கவனிக்காத நிறம் வெளிர் நிறம். களிமண் போல வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறமாகி, கண் மஞ்சளித்தால் பித்தநீர் குடலுக்கு வந்து சேரவில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களில் சிலருக்குப் பித்தக் குழாய்களும் அழற்சியடையும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏற்கனவே நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு நாளில் 6 முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால், மறுநாள் முன்பதிவு வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றவர்கள் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது தேதி, எத்தனை முறை, என்ன நிறம், முந்தின நாள் சாப்பிட்டது, விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் காட்டலாம். மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். மலத்தில் கால்புரொடெக்டின் எனும் புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கு எழுதித் தரலாம். அது கூடியிருந்தால், பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்.